மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை ரயில்: பிளாட்ஸ்கார்ட் தாங்குமா, கூப்பே தானா?

அலைச்சல்காரி:

அனைவருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் ரஷ்யாவை ரயிலிலேயே குறுக்காகக் கடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக், 9,288 கிலோமீட்டர், இறங்காமல் போனால் கிட்டத்தட்ட ஏழு நாள். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் அவ்வப்போது தகராறு செய்யும், மற்றபடி இந்த யோசனையே அவருடையதுதான், நான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பிளாட்ஸ்கார்ட் என்கிற மூன்றாம் வகுப்பு டிக்கெட், கூப்பே என்கிற இரண்டாம் வகுப்பு டிக்கெட்டின் விலையில் பெரும்பாலும் பாதிக்கே கிடைக்கிறது. ஆனால் ஒரே பெட்டியில் 54 பேர், கதவில்லை, திரையில்லை. கூப்பேவில் நாலு பேருக்கு ஓர் அறை, பூட்டிக்கொள்ளலாம். இரண்டு பெண்கள் போகும்போது எது நல்லது? அப்புறம் ஒரே மூச்சாகப் போவதா, அங்கங்கே இறங்கி ஏறுவதா? செப்டம்பரா, பிப்ரவரியா? பைகால் ஏரி எந்தப் பக்கம் வரும்? இணையத்தில் படித்ததில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பாதிப் பேர் எழுதியது பத்து வருடம் பழசு. சமீபத்தில் போனவர்கள், போகாவிட்டாலும் விவரம் தெரிந்தவர்கள், சொல்லுங்கள்.


பக்கவாட்டு_பெர்த்:

வகுப்பைப் பற்றி எல்லோரும் மாய்ந்து மாய்ந்து எழுதுவார்கள். நான் சொல்வது, பெர்த் எண்ணைப் பாருங்கள். நல்ல எண் கிடைத்தால் பிளாட்ஸ்கார்ட் சுகம், கெட்ட எண் கிடைத்தால் கூப்பேவும் நரகம்தான்.

கணக்கு ரொம்ப எளிது. ஒற்றைப்படை எண் எல்லாம் கீழ், இரட்டைப்படை எல்லாம் மேல், இது இரண்டு வகுப்புக்கும் பொருந்தும். பிளாட்ஸ்கார்டில் 1 முதல் 36 வரை தடுப்புகளுக்குள் இருக்கும், தடுப்புக்கு நாலு பெர்த், மொத்தம் ஒன்பது தடுப்பு. 37 முதல் 54 வரை எதிர்ப்பக்கம், நடைபாதையை ஒட்டி ஜன்னலோரமாக நீளவாக்கில். இந்த எண்கள் பின்னாலிருந்து முன்னால் ஓடும், அதாவது 37, 38 இரண்டும் 33 முதல் 36 வரையுள்ள கடைசித் தடுப்புக்கு நேர் எதிரே, கழிவறைக்குப் பக்கத்தில் விழும். அந்த ஆறு பெர்த்தையும் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராத்திரி முழுக்கக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும், தேநீர் குடித்தவர்கள் எல்லோரும் உங்கள் காலை இடித்துக்கொண்டுதான் போவார்கள்.

பக்கவாட்டுக் கீழ் பெர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், என் பெயரே அதுதானே. பகலில் அது எதிரெதிராக இரண்டு இருக்கை, நடுவில் ஒரு குட்டி மேசை. தூங்க வேண்டுமானால் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு மேசைப் பலகையைப் புரட்டிக் கீழே அழுத்த வேண்டும், அதுவே படுக்கையின் நடுப்பாகமாகிவிடும். தனியாகப் போகிற ஆளுக்கு அருமையான இடம், ஜன்னல் முழுக்க உங்களுடையது. ஆனால் காலையில் மேல் பெர்த்காரர் சாப்பிட இறங்கினால் நீங்கள் எழுந்து படுக்கையைக் கலைத்துத்தான் ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் தினமும் இதைச் செய்ய வேண்டாம். நீளமும் குறைவு, உயரமானவர்களுக்குக் கால் மடங்கும்.

உங்களுக்கு நான் சொல்வது நாலாவது தடுப்பில் 13, 15, அல்லது ஐந்தாவதில் 17, 19. இரண்டுமே கீழ் பெர்த், எதிரெதிர், பெட்டியின் நடுப்பகுதி. மூன்றாவது, ஆறாவது தடுப்புகளைத் தவிர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள், பழைய பெட்டிகளில் அங்கே இருப்பது அவசர வழி ஜன்னல், திறக்காது, கோடையில் புழுக்கம் தாங்காது. குளிர்சாதனம் உள்ள புதுப் பெட்டி என்றால் இந்தக் கவலை கிடையாது. மேல் பெர்த்துக்கு ஏற ஒரு சின்ன மடக்குப்படிதான் உண்டு, அம்மாவை அங்கே ஏற்றுவதை நினைத்தே பார்க்காதீர்கள். மேலே படுத்தால் ஜன்னலில் தண்டவாளச் சல்லிதான் தெரியும், அதுவும் குனிந்தால்.

கீழ் பெர்த்தில் இன்னொரு லாபம், பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி மாதிரி மூடிய இடம் இருக்கும். பெரிய பையை அதில் போட்டுவிட்டு மேலே படுத்துவிட்டால் உங்களை எழுப்பாமல் யாரும் தொட முடியாது. ஒருவருக்கு 36 கிலோ வரை கட்டணமில்லை.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மேல் பெர்த்காரர்கள் பகலில் கீழே வந்து உட்காருவார்கள், உங்கள் மேசையில் சாப்பிடுவார்கள், அது அங்கே வழக்கம், முகம் சுளிக்கக் கூடாது. பதிலுக்கு அவர்கள் வெள்ளரிக்காயும் ரொட்டியும் நீட்டுவார்கள்.

இரண்டு பெண்கள் என்று கேட்டீர்கள். பிளாட்ஸ்கார்டில் குடும்பங்கள், பாட்டிகள், விடுப்பில் ஊர் போகும் சிப்பாய்கள், ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் என்று எல்லோரும் கண்முன்னே இருப்பார்கள். பெட்டிக்கு இரண்டு ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள், ப்ரவத்னீத்சா என்பார்கள், மாறி மாறி முறை பார்ப்பார்கள். அந்த அம்மாவின் கண்ணுக்குத் தப்பி அங்கே எதுவும் நடக்காது. மூடிய அறைக்குள் முன்பின் தெரியாத இரண்டு ஆண்களோடு இருப்பதைவிட இது மேல் என்று நினைக்கிற பெண்கள் நிறையப் பேர். கூப்பேதான் வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பெண்களுக்கான அறை கேட்கலாம், பல ரயில்களில் உண்டு.

பைகால்: கிழக்கே போகும்போது இடப்பக்கம். ஏரியின் தென்கரையை ஒட்டி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ரயில் ஓடுகிறது. கூப்பேயில் உங்கள் அறை எந்தப் பக்கம் அமையும் என்பது பெட்டியை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, தவறான பக்கம் விழுந்தால் நடைபாதையில் நின்றுதான் பார்க்க வேண்டும். பிளாட்ஸ்கார்டில் இரண்டு பக்க ஜன்னலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். விலைக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே அந்த ஒரு பகுதிக்கு நான் பிளாட்ஸ்கார்ட் எடுப்பேன்.


தைகா_பைத்தியம்:

மேலே சொன்ன பெர்த் பாடம் எல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு நாள் என்றால் கூப்பேதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்துத் தடுப்பில் குழந்தை அழுதால் முதல் நாள் கொஞ்சுவீர்கள், நாலாம் நாள் நீங்களும் சேர்ந்து அழுவீர்கள்.

இறங்கி ஏறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு ஊரிலும் மூட்டை கட்டி, விடிகாலை மூன்று மணிக்கு இறங்கி, டாக்ஸி பிடித்து, ஹோட்டல்காரரை எழுப்பி, இரண்டு நாள் கழித்து இதையே மறுபடியும் செய்வதற்குப் பேசாமல் விமானத்தில் போகலாம். இறங்காமல் போனால் உடம்பு மூன்றாம் நாள் பழகிவிடும். எழுந்தால் காடு, தூங்கப் போனால் காடு, நடுவில் வெந்நீர் பிடிக்க நடை. பெர்மில் காமா, ஓம்ஸ்கில் இர்திஷ், நோவசிபீர்ஸ்கில் ஓப், க்ராஸ்னயார்ஸ்கில் யெனிசெய், கபாரவ்ஸ்கில் அமூர் என்று ஆறுகள் ஒவ்வொன்றாக வரும்போதுதான் அந்த நாடு எவ்வளவு பெரியது என்று உறைக்கும். இதைத் துண்டு துண்டாக வெட்டினால் அந்த உணர்வே போய்விடும்.

யாரும் சொல்லாத ஒன்று: முடிந்தால் தலைகீழாகப் போங்கள். விளாதிவஸ்தோக்குக்குப் பறந்து போய் அங்கிருந்து மேற்கே வாருங்கள். மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் ஏழு மணி நேரம் வித்தியாசம். கிழக்கே போனால் கிட்டத்தட்ட தினமும் ஒரு மணி நேரம் தொலையும், தூக்கம் வருவதற்கு முன்பே ராத்திரி முடிந்துவிடும். மேற்கே வந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கூடும், உடம்பு அலட்டிக்கொள்ளாது. வயதானவரோடு போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

செப்டம்பரா பிப்ரவரியா என்றால் செப்டம்பர் கடைசி. பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்கும், ஜூன் ஜூலையில் பிளாட்பாரத்தில் இறங்கினால் மொய்க்கிற கொசுவும் இருக்காது. பிப்ரவரியில் பைகால் உறைந்திருக்கும், அது தனி அழகு, ஆனால் பகல் குறைவு, பாதி நாடு இருட்டில் கடந்துபோகும், ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் பனி அப்பிக்கொண்டால் மீதியும் தெரியாது.


அலைச்சல்காரி:

இருவருக்கும் நன்றி. பக்கவாட்டு அண்ணா, உங்கள் எண் கணக்கைத் தாளில் படம் போட்டு அம்மாவிடம் காட்டினேன், 15 தனக்கு என்று இப்போதே சொல்லிவிட்டார்.

தைகா நண்பரே, மேற்கு நோக்கி வரும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, ஆனால் விளாதிவஸ்தோக்கிலிருந்து திரும்ப விமான டிக்கெட் போட்டாகிவிட்டது, அதனால் கிழக்கேதான் போக வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம், கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். குளியல், கழிவறை எல்லாம் எப்படி? அப்புறம் நாங்கள் இருவரும் இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை. முட்டை, பால் பரவாயில்லை. ரயிலில் என்ன கிடைக்கும்?


வெந்நீர்_வேணி:

கூச்சப்பட என்ன இருக்கிறது தோழி, எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான்.

கழிவறை பழைய பெட்டி, புதுப் பெட்டியைப் பொறுத்தது. புதியதில் விமானத்தில் இருப்பது போன்ற அமைப்பு, எப்போது வேண்டுமானாலும் போகலாம். பழையதில் எல்லாம் நேராகத் தண்டவாளத்தில் விழும் என்பதால் ஊர் நெருங்கும்போதே ப்ரவத்னீத்சா வந்து பூட்டிவிடுவார், ரயில் ஊரைத் தாண்டிய பிறகுதான் திறப்பார். பெரிய ஊர் என்றால் நிற்கும் நேரமும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எப்போது பூட்டுவார்கள் என்று நேரம் போட்ட தாள் கதவிலோ நடைபாதையிலோ ஒட்டியிருக்கும், ஏறியதும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ரயிலின் முழு டைம்டேபிளும் இருக்கும், எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது உட்பட.

பழைய பெட்டிக் குழாய் ஒரு விசித்திரம். திருகு கிடையாது. குழாயின் வாய்க்கு அடியில் ஒரு சின்னக் கம்பி தொங்கும், அதை உள்ளங்கையால் மேலே தள்ளிப் பிடித்திருக்கும் வரைதான் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். அதாவது ஒரு கைதான் கழுவ மிஞ்சும். ஒரு பிளாஸ்டிக் குவளை கொண்டுபோங்கள், பிடித்து வைத்து முகம் கழுவலாம், பல் தேய்க்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

குளியல்: சில ரயில்களில் காசு கொடுத்துக் குளிக்கும் அறை உண்டு, பெரும்பாலும் ஊழியர்கள் இருக்கும் தலைமைப் பெட்டியில், உங்கள் பெட்டி அம்மாவிடம் கேட்டால் வழி சொல்வார். புதிய பெட்டிகள் சிலவற்றில் அங்கேயே இருக்கிறது. இல்லாவிட்டால் ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதுதான். பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை வாடகைக்கு உண்டு, அங்கே குளித்துவிட்டு அடுத்த ரயில் ஏறலாம், இறங்கி ஏறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம், தைகா கோபிக்கக் கூடாது.

இப்போது சாப்பாடு. ஒவ்வொரு பெட்டியிலும் ஊழியர் அறைக்கு எதிரே ஆளுயர வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும் கொதிநீர், காசு கிடையாது. பிடியும் சுடும், துணி வைத்துத் திருகுங்கள், ரயில் வளைவில் ஆடும்போது முழுக்க நிரப்பாதீர்கள். உங்கள் முழுச் சமையலும் இதை நம்பித்தான். உடனடி உருளைக்கிழங்கு மசியல், ஓட்ஸ், பக்வீட் தானியம், இதெல்லாம் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும், வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். பக்வீட்டை அங்கே க்ரேச்கா என்பார்கள், மூடியுள்ள டப்பாவில் ஊறவைத்தால் அரை மணி நேரத்தில் மலர்ந்துவிடும். கூடவே கறுப்பு ரொட்டி, சீஸ், வெள்ளரி, தக்காளி, ஆப்பிள், கொட்டைகள். கப் நூடுல்ஸ் வாங்கினால் உள்ளே இருக்கும் மசாலா, கொழுப்புப் பொட்டலங்களைப் படித்துப் பாருங்கள், காய்கறிப் படம் போட்டதிலும் இறைச்சிச் சாறு இருக்கும்.

பிளாட்பாரத்தில் அடுப்புச் சூட்டோடு பிரஷ்கி விற்பார்கள், உள்ளே ஏதாவது அடைத்த பன். உருளைக்கிழங்கு வைத்தது கர்தோஷ்கா, முட்டைக்கோஸ் வைத்தது கபுஸ்தா. வாங்குவதற்கு முன் "பிஸ் மியாசா?" என்று கேளுங்கள், இறைச்சி இல்லையா என்று பொருள். கேட்டபிறகும் பிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். முன்னைப்போல எல்லா ஊரிலும் பாட்டிகள் கூடையோடு வருவதில்லை, பல ஸ்டேஷன்களில் கடைதான். பரபின்ஸ்கில் இன்னும் கூட்டமாக வருவார்கள், ஆனால் அவர்கள் விற்பது புகையில் வாட்டிய மீன், உங்களுக்கு வாசனை மட்டும்தான், அதுவும் பிறகு பெட்டி முழுக்க நாள் கணக்கில் இருக்கும்.

உணவுப் பெட்டியில் போர்ஷ் சூப்பைக் காய்கறி சூப் என்று நினைத்து வாங்காதீர்கள், இறைச்சி வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். பான்கேக், ஆம்லெட், சாலட் கேட்கலாம். விலை வெளியே இருப்பதைவிட அதிகம், ஆனால் ஒருமுறையாவது போய் உட்காருங்கள், ஜன்னல் பெரிது.

தேநீர் மட்டும் ப்ரவத்னீத்சாவிடம் வாங்குங்கள், உலோகப் பிடிக்குள் கண்ணாடித் தம்ளர் வைத்துத் தருவார். சில்லறை ரூபிளில்தான் முடியும், அவரிடம் நல்ல பெயரும் கிடைக்கும். அந்தப் பெயர் ஏழு நாள் பயணத்தில் எவ்வளவு உதவும் என்று போனால் தெரியும்.


சுருக்கமாக:

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லையே. 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் கொடுத்த விசா, மாஸ்டர்கார்ட் அட்டைகள் ரஷ்யாவுக்குள் வேலை செய்யாது. ஏடிஎம்மிலும் வராது. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள், நோட்டு கசங்காமல் கிறுக்காமல் இருக்க வேண்டும். ரயில்வே தளமும் வெளிநாட்டு அட்டையை ஏற்காது, டிக்கெட்டை ஏஜென்சி மூலம்தான் வாங்க வேண்டியிருக்கும், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது பெட்டி வாசலில் பாஸ்போர்ட்டை வாங்கி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள்.

சிம் கார்டு: 2025 முதல் வெளிநாட்டவருக்கு உயிரளவைப் (பயோமெட்ரிக்) பதிவு கட்டாயம், வந்திறங்கியதும் வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மொபைல் இணையத்தையும் பல வட்டாரங்களில் அடிக்கடி நிறுத்துகிறார்கள். வரைபடம், மொழிபெயர்ப்பு, டிக்கெட் எல்லாவற்றையும் முன்பே இறக்கி வையுங்கள், டிக்கெட்டைத் தாளிலும்.

நாட்டுக்குள் நுழையும்போது கிடைக்கும் குடியேற்றச் சீட்டைத் தொலைக்காதீர்கள், வெளியேறும்போது கேட்பார்கள். பாலங்கள், ராணுவச் சரக்கு ரயில்கள், காவலர்கள் இருக்கும் இடங்கள், எதையும் படம் எடுக்க வேண்டாம். பழைய 5,000 ரூபிள் நோட்டின் பின்புறம் அமூர் ஆற்றின் கபாரவ்ஸ்க் பாலம் இருக்கிறது, ஆசையாக இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கோவில் ஒரே சதுக்கத்தில் மூன்று ரயில் நிலையம், யாரஸ்லாவ்ஸ்கி, லெனின்கிராத்ஸ்கி, கசான்ஸ்கி. கிழக்கே போகும் ரயில்கள் யாரஸ்லாவ்ஸ்கியிலிருந்தும் போகும், கசான்ஸ்கியிலிருந்தும் போகும். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

நேரம்: 2018 ஆகஸ்ட் முதல் டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான். அதற்கு முன் நாடு முழுக்க மாஸ்கோ நேரம் போட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.


பக்கவாட்டு_பெர்த்:

தைகாவுக்கு ஒரு பதில். அந்த ஆறுகளின் பட்டியலைப் படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நேரத்தைப் பாருங்கள். இறங்காமல் போகும் ரயில் அதன் அட்டவணைப்படிதான் ஓடும், உங்கள் அதிர்ஷ்டத்துக்கு யெனிசெய் நடுராத்திரி வரும், பைகாலும் இருட்டில் போய்விடலாம். ஏழு நாள் உட்கார்ந்து போய் அந்த ஏரியைத் தூக்கத்தில் கடந்தவர்கள் இருக்கிறார்கள். மாறாக ஓம்ஸ்கிலிருந்து நோவசிபீர்ஸ்க் வரை பரபா சமவெளி, சதுப்பு, பிர்ச், மறுபடி சதுப்பு, அது பகல் வெளிச்சத்தில் அருமையாகத் தெரியும்!

அதனால் வெட்டத்தான் வேண்டும், ஆனால் எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. ஐந்தாறு இடத்தில் வெட்டினால் தைகா சொல்வது போல அலைச்சல். இர்குத்ஸ்கிலும் உலான் உதேயிலும் வெட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவே 456 கிலோமீட்டர், ஏழு, எட்டு மணி நேரம், பகலில் ஓடும் ரயிலாகப் பார்த்துத் தனி டிக்கெட் எடுங்கள். இர்குத்ஸ்கைத் தாண்டியதும் ரயில் மலை ஏறும், அப்புறம் வளைந்து வளைந்து ஸ்லூதியான்காவுக்கு இறங்கும். அந்த இறக்கத்தில்தான் ஏரி முதன்முதலில் தெரியும், கீழே, மரங்களுக்கு நடுவில், கடல்தான் என்று நினைப்பீர்கள். ஸ்லூதியான்கா ஸ்டேஷன் கட்டடமே பளிங்குக் கல்லால் கட்டியது. அதற்குப் பிறகு சில இடங்களில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கூழாங்கல் கரை மட்டும்தான்.

ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு நடுவில் இறங்கி ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட், அதுதான் நிம்மதி.


தைகா_பைத்தியம்:

பரபாவைக் கிண்டல் செய்யாதீர்கள், சாயங்கால வெயிலில் அந்தச் சதுப்பு நீரைப் பார்த்திருக்கிறீர்களா? சரி, பைகால் இருட்டில் போய்விடும் என்ற வாதத்துக்கு என்னிடம் பதிலில்லை. அந்த ஒரு வெட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இர்குத்ஸ்க் வரை இறங்காமல் போங்கள், 5,185 கிலோமீட்டர், மூன்றரை நாள். யெகாதெரின்பர்க் வருவதற்குச் சற்று முன் 1,777ஆவது கிலோமீட்டரில் ஐரோப்பா ஆசிய எல்லைத் தூண் வரும். தண்டவாள ஓரத்துக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே வந்தால்தான் பிடிக்க முடியும், கண் சிமிட்டினால் ஆசியாவில் இருப்பீர்கள்.


அலைச்சல்காரி:

சண்டை போட்டதில் எனக்குத்தான் லாபம். இப்போதைக்கு இப்படி: மாஸ்கோவிலிருந்து இர்குத்ஸ்க் கூப்பே, பெண்கள் அறை கிடைத்தால். இர்குத்ஸ்கில் நாலு நாள். அங்கிருந்து உலான் உதேக்குப் பகல் ரயிலில் பிளாட்ஸ்கார்ட், 13, 15. உலான் உதேயில் அந்தப் பிரம்மாண்டமான லெனின் தலையைப் பார்க்க அம்மா ஆசைப்படுகிறார், ஏன் என்று கேட்டால் "தலை மட்டும் ஏன் வைத்தார்கள் என்று தெரிய வேண்டும்" என்கிறார். பிறகு விளாதிவஸ்தோக் வரை ஒரே ஓட்டம், அது இரண்டரை நாள் வருகிறது. செப்டம்பர் பிற்பாதி.

கடைசியாக ஒன்று. நடுவில் ஸ்டேஷன்களில் இறங்கி நடக்கலாமா? ரயில் விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று பயம். துணி எப்படி எடுத்துப்போவது? கம்பளி எல்லாம் வேண்டுமா?


வெந்நீர்_வேணி:

இறங்கலாம், இறங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கிவிடும், அம்மாவுக்குக் கண்டிப்பாக நடை வேண்டும். டைம்டேபிளில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போட்டிருந்தால் இறங்குங்கள். ஆனால் ரயில் தாமதமாக வந்திருந்தால் நிற்கும் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், அதனால் இறங்கும்போது ப்ரவத்னீத்சாவிடம் விரலைக் காட்டி எத்தனை நிமிடம் என்று கேட்டுவிடுங்கள். அவர் பெட்டி வாசலில்தான் நிற்பார், அவர் கண்ணில் படும் தூரத்தைத் தாண்டாதீர்கள். பாஸ்போர்ட், பணம், கைபேசி மூன்றும் எப்போதும் உடம்போடு. உங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ரயில் கிளம்பும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்பளி பிளாட்பாரத்துக்கு மட்டும். குளிர் தொடங்கினால் பெட்டிக்குள் வெப்பத்தை ஏற்றிவிடுவார்கள், எல்லோரும் டி-சர்ட், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடுதான் உலவுவார்கள். ஏறியதும் உடை மாற்றுவது அங்கே வழக்கம், பருத்தி உடையும் செருப்பும் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

படுக்கை விரிப்பு இரண்டு, தலையணை உறை, ஒரு சின்னத் துண்டு, உறையிட்டு அவர்களே தருவார்கள். இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், துண்டையும் சேர்த்துத்தான். எண்ணிப் பார்ப்பார்கள்.